பின்னால் வரும் வண்டி

அந்த சைக்கிளுக்கு கேரியர் இல்லை. என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

எல்லைச் சோதனைச்சாவடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். காரைக்காலுக்குள் வருகிற வண்டிகளையும் காரைக்காலை விட்டுப் போகிற வண்டிகளையும் நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி, குத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்து அனுப்புவது என் பிழைப்பு. வைக்கோல் லாரியில் வைக்கோல்தான் இருக்கிறது என்று ஒருநாளும் நம்பியதில்லை. ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். முகம் அழகாகப் பொய் சொல்லும். டயரைப் பார்ப்பேன். காலி வண்டி என்று சொல்லும்போது டயர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, அதில் ஒட்டியிருப்பது எந்தப் பக்கத்து மண், இதையெல்லாம் பார்த்தாலே எனக்கு விஷயம் விளங்கிவிடும். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. இன்னமும் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரை மேலும் கீழும் பார்க்கிறேன். "உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் கொடுத்தவங்க, அந்தக் கண்ணுக்கும் சேத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த பிரான்ஸ் மாப்பிள்ளை, சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய அத்தை பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

எங்கள் ஊரில் பிரான்ஸ் மாப்பிள்ளை என்றால் பாதிப் பேருக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் பயம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, விசா வந்து, அந்தப் பெண் அங்கே போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தது வேறொரு பெண். குழந்தை இடுப்பில் இருந்ததாம். அந்தக் கதை எங்கள் மாவட்டம் முழுக்கத் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறார்கள். இந்தப் பையனின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டவர். பையன் பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் அங்கேதான். ஒரு சின்ன ஊரில் மருந்துக் கிடங்கில் மேற்பார்வை உத்தியோகம். இங்கே அத்தையைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. அத்தை நல்லதைத்தானே சொல்வார்.

எனக்கு இருப்பது ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபத்தேழு வயது. அவளைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த வண்டியில் போய்த் திருப்பிக் கூட்டி வர முடியாத தூரம். அந்த ஒரு நினைப்புதான் அந்த மார்கழி முழுக்க என்னை அரித்துக்கொண்டிருந்தது.

வந்தவரை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டு வரும் சாக்கில் வெளியே போய் சைக்கிளைச் சுற்றி வந்தேன். விரல் தடிமனில் டயர். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். பெல் இல்லை, மட்கார்டு இல்லை, நிறுத்த ஸ்டாண்டு இல்லை. எதையும் ஏற்ற இடமில்லாத வண்டியை ஒருவர் விமானத்தில் பெட்டி கட்டிக் கொண்டு வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? நடுக்கம்பியில் இரண்டு பாட்டில்கள் செருகியிருந்தன. எங்கள் ஊரில் சாராயப் பாட்டிலோடு எல்லையைத் தாண்டுகிறவர்களைப் பிடித்தே தலை நரைத்தவன் நான். இரண்டையும் திறந்து முகர்ந்தேன். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சையும் உப்பும்.

உள்ளே வந்து விசாரணையைத் தொடங்கினேன்.

"லீவு நாள்ல அங்க என்ன தம்பி பண்ணுவீங்க?"

"சைக்கிள் ஓட்டுவேன் மாமா. காலையில கெளம்பினா மத்தியானம்தான் வீட்டுக்கு வருவேன்."

"எங்க போவீங்க?"

"எங்கயும் போகமாட்டேன். சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவேன்."

முப்பது வருஷத்தில் 'சும்மா' என்று சொன்ன எந்த வண்டியையும் நான் சோதிக்காமல் விட்டதில்லை. அரை நாள் மிதித்து எங்கேயும் போகாமல் ஒருவர் திரும்பி வருவாரா? அந்த அரை நாளுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று என் மனம் உடனே எழுதிவிட்டது.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஊரைத் தாண்டினால் கோதுமை வயல்களாம். ஒரு வண்டிதான் போகும் அளவுக்குச் சின்னத் தார்ச்சாலையாம். இரண்டு மணி நேரத்தில் மூன்று கார் வந்தால் அதிகமாம். அதுவும் பின்னால் வருகிற கார் ஹாரன் அடிக்காதாம். சாலை அகலமாகும் வரை காத்திருந்து, ஒதுங்கிப் போகுமாம். வழியில் வருகிற கிராமத்தில் ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக்கடை, அதுவும் பாதி நாள் சாத்தியிருக்கும், மனுஷ முகமே தெரியாது என்றார். டீக்கடை இல்லாத, நாய் குரைக்காத, யாரும் யாரையும் கேட்காத ஊர்கள். கேட்கக் கேட்க எனக்கு அது ஏதோ கலவரம் நடந்து ஊரடங்கு போட்ட இடம் மாதிரி இருந்தது. ஹாரன் அடிக்காமல் ஒரு வண்டி என் பின்னாலேயே வந்தால் நான் அந்த இடத்திலேயே இறங்கி வாய்க்காலில் குதித்துவிடுவேன்.

காபி கொண்டு வந்த என் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் அன்றைக்கு அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"பின்னாடி யாருமே வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க. திரும்பித் திரும்பிப் பாத்தாலும் ரோடு காலியாத்தான் கெடக்கும்" என்றார் அவர்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பாதுகாப்பு என்ன என்று பதமாகக் கேட்கிறாள், நம் பெண் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் முடிவு சொல்கிறேன், அதுவரை இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினேன். அவருடைய விவரம் எழுதிய தாளை என் பெண்ணிடமே கொடுத்து பீரோவில் வைக்கச் சொன்னேன். அதில் அவருடைய போன் நம்பர் இருந்தது. இதைத்தான் மூளை என்பது.

மறுநாளிலிருந்து செய்திகள் வந்தன. பிரான்ஸ்காரர் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒருநாள் பூவத்தில் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருநாள் கருக்களாச்சேரியில் மீன் வாங்கப் போனவர் பார்த்தார். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, காலோடு ஒட்டிய கறுப்பு டவுசர். "என்ன சார், உங்க மாப்ள ஏதாச்சும் சர்வே எடுக்கிறாரா?" என்று கேட்டார்கள். இன்னும் மாப்பிள்ளை இல்லை என்றேன்.

நானே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மொபெட்டைத் துடைத்து, குல்லாவும் மஃப்ளரும் எடுத்து வைத்தேன். விடிகாலையில் கிளம்பும்போது மனைவியிடம், வாக்கிங் போகிறேன் என்றேன்.

"மொபெட்ல வாக்கிங் போற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

என் பெண் அதற்கு முன்பே போயிருந்தாள். மார்கழி அல்லவா, பெருமாள் கோயிலுக்கு ஐந்து மணிக்கே தன் பழைய சைக்கிளில் கிளம்பிவிடுவாள். அரையாண்டு லீவு வேறு. ஏழரைக்கு எவர்சில்வர் தூக்கில் வெண்பொங்கலோடு வருவாள். நான் வருஷம் பூராவும் கோயில் பக்கம் போகாதவன், அந்தப் பொங்கலுக்காக மட்டும் மார்கழியை மதிக்கிறவன். சில நாளாகப் பொங்கல் ஆறிப்போய் வந்தது. கோயிலில் மடப்பள்ளி ஆள் மாறிவிட்டார் போல என்று நானே ஒரு காரணம் சொல்லி, நானே அதை நம்பிச் சாப்பிட்டேன்.

முதல் நாள் அவர் வடக்கே கடற்கரைச் சாலையில் போனார். பனி மூட்டம். விளக்கை அணைத்துவிட்டு, அவருடைய பின்பக்கச் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். பூவத்தில் எல்லையைத் தாண்டாமல் நின்று ஒரு டீ குடித்தார். முப்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த சாவடிக்குப் பக்கத்தில் நின்று அவர் டீ குடித்ததும், நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். இவர் யாருக்கோ காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். டீக்கடைக்காரரிடம் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

இரண்டாம் நாள் தெற்கே. பட்டினச்சேரியில் படகுகள் கரைக்கு வருவதை கால் மணி நேரம் பார்த்தார். மணலில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. போட்டோ எடுக்காமல் ஒருவர் கடலைப் பார்த்தால் அவர் மனதில் வேறு எதுவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கடல வேற எதுக்குங்க பாப்பாங்க?" என்றாள். அவளிடம் சொல்லிப் பயனில்லை.

மூன்றாம் நாள் அவர் மேற்கே திரும்பினார். அங்கே கடை இல்லை, கடல் இல்லை, வயலும் வாய்க்காலும்தான். சம்பா கதிர் பிடித்துத் தலை சாய்ந்திருந்தது. சாலை வரப்புபோல ஒடுங்கி, பனியில் முன்னால் இருபதடிக்கு மேல் தெரியவில்லை. பஸ் வராத சாலை. அந்த நேரத்துக்கு ஒரு டிராக்டர்கூட இல்லை. என் மொபெட்டின் சத்தம் மட்டும் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஒரு மதகுக்கட்டை அருகே சிவப்பு விளக்கு நின்றது. நானும் எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு மதகுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு மோட்டார் கொட்டகையின் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் மதகில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். சரி, ஆள் வருகிறது என்று எனக்கு உறுதியானது. சொன்னால் வெட்கம்தான், அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். முப்பது வருஷ மூக்கு பொய்க்கவில்லை என்ற சந்தோஷம். வருகிறவளை நேரில் பார்த்துவிட்டு, அத்தை வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, என் பெண்ணைக் காப்பாற்றிவிட வேண்டும். என்ன வார்த்தை கேட்பது என்பதைக்கூட மனதுக்குள் அடுக்கிவிட்டேன்.

சைக்கிள் பெல் கேட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு முன்சக்கரம், பிறகு கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். பழக்கதோஷம், நான் ஆளைப் பார்க்காமல் டயரைத்தான் பார்த்தேன். இரண்டு டயரிலும் காய்ந்த களிமண், பல நாள் மண், ஒன்றன் மேல் ஒன்றாக. இந்தப் பாதையில் வந்து பழகிய வண்டி. பிறகு கூடையைப் பார்த்தேன். அதில் எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு இருந்தது. மூடியில் என் மனைவி அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு நூல்.

ஊரிலிருக்கும் வண்டியையெல்லாம் சோதித்தேன், என் வீட்டுக் கொல்லையில் நிற்கிற சைக்கிளின் டயரை ஒருநாள் குனிந்து பார்க்கவில்லை.

இறங்கியவள் அவரிடம் என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் வயலைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் நேராகக் கொட்டகையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அப்பா, பனியில நிக்காதீங்க. இப்படி வாங்க."

போனேன். வேறு என்ன செய்வது. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நான் இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"முன்னாடி போற நம்ம வண்டி சத்தம் எனக்குத் தெரியாதாப்பா? ஒம்பதாவது படிக்கறப்போ டியூஷனுக்குப் போவேன்ல, அப்பலேர்ந்து தெரியும். காலேஜ் பஸ் பின்னாடி வருவீங்க. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மாசம் ஸ்கூல் வரைக்கும் வந்தீங்க. முக்குல நிறுத்தி எஞ்சின அணைப்பீங்க. அணைக்கறப்போ ரெண்டு தடவ இருமும்."

பதின்மூன்று வருஷமாக அவளுக்குத் தெரியாமல் அவளைக் காத்துக்கொண்டு வந்ததாக நான் நினைத்திருந்தேன். பல நாள் மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன், அதை ஒரு தியாகம் என்றுகூட எண்ணியிருக்கிறேன்.

"உனக்குப் பாதுகாப்புக்குத்தாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா. அதனாலதான் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல."

குல்லாவை இரண்டு தடவை மடித்துப் பிரித்தேன். பிறகு நான் என் வேலைக்குத் திரும்பினேன். அதுதானே எனக்குத் தெரியும். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே. இங்க வந்து என்ன பேசறீங்க?"

"விசாரிக்கறேன்" என்றாள்.

"என்னது?"

"நானும் உங்க பொண்ணுதானே. சும்மா சைக்கிள் ஓட்டுறேன்னு ஒருத்தர் சொன்னா நம்பிடுவேனா? நீங்க டயரப் பாப்பீங்க, நான் ஆளோட பேசிப் பாக்குறேன். ஒரே கேள்விய மூணு நாள் விட்டு மாத்திக் கேப்பேன். அங்க யாரோடயாவது குடும்பம் நடத்தினீங்களான்னு நேராவே கேட்டேன். ஒருத்தியோட ரெண்டு வருஷம் பழகி ஒத்து வராம பிரிஞ்சத மொத நாளே சொன்னாரு. நாலு நாள் கழிச்சுக் கேட்டாலும் அதே பதில்தான். அவரோட அம்மாவோட பேசினேன், அங்க கூட சைக்கிள் ஓட்டுற கிழவர் ஒருத்தரோட வீடியோவுல பேசினேன். பாதி புரியல, ஆனா சிரிச்சாரு."

நான் சாவடியில் எத்தனையோ புது ஆட்களைப் பழக்கியிருக்கிறேன். யாரும் இத்தனை சுத்தமாக விசாரித்ததில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"அவரு சொல்றது எல்லாம் ஒத்துத்தான் வருது." தூக்கின் நூலை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். "நீங்க வேணாம்னு சொன்னா நான் மீற மாட்டேம்பா. ஆனா ஏன் சரின்னு தோணுச்சுன்னு கேட்டா சொல்லிடுறேன். அன்னிக்கு அவரு ரோட்டப் பத்திச் சொன்னாருல்ல. நான் உங்களுக்குப் பயந்து தப்பு எதுவும் பண்ணலப்பா. ஆனா இந்த இருவத்தேழு வருஷத்துல ஒருநாள்கூட எங்கயும் தனியாப் போனதில்ல."

அன்றைக்குக் கதவோரம் நின்று அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் என் காதில் விழுந்தது. அவள் பயத்தில் கேட்கவில்லை. ஆசையில் கேட்டிருக்கிறாள். என் பெண்ணுக்கு ஒரு நாட்டில் பிடித்துப்போன விஷயம், அங்கே நான் பின்னால் வர முடியாது என்பதுதான். மதகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பதறிப்போய்த் தண்ணீர் வேண்டுமா என்றாள். அவர் தூரத்திலிருந்து அந்த எலுமிச்சைத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். குடித்தேன். நான் ஏற்கெனவே முகர்ந்து பார்த்த பாட்டில்தான்.

"மாமா, நாங்க தப்பா எதுவும்..." என்று அவர் தயங்கினார்.

"தெரியும்" என்றேன். பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

கிளம்ப வேண்டிய நேரம். அந்தச் சாலையில் வீட்டுக்குப் போக ஒரே வழி. அவள் முன்னால் போனால் நான் பின்னால் போக வேண்டும். அவள் சைக்கிளைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மொபெட்டைக் கிளப்பி, "நான் முன்னாடி போறேன், நீ மெதுவா வா" என்றேன். வழி முழுக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அதைத் தரையைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கழுத்து பத்து தடவை திரும்பத் துடித்தது.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் காபியை வைத்தாள். எதுவும் கேட்காததிலிருந்தே தெரிந்தது, அவளுக்கும் எல்லாம் தெரியும். அந்த வீட்டில் துப்புத் துலங்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான். ஏழரைக்கு என் பெண் வந்தாள். தூக்கைத் திறந்து ஆறிப்போன பொங்கலை இலையில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு மனைவியிடம், "மாப்பிள்ளை அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிடு" என்றேன். தை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

இப்போது அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். சைக்கிள் ஹேண்டில்பாரில் போனை மாட்டி எடுத்தது. சின்னத் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் வெளுத்த கோதுமை, தூரத்தில் ஒரு மாதா கோயில் கூரை. மாப்பிள்ளை கூட வரவில்லை, தனியாக வந்திருக்கிறேன் என்று கீழே எழுதியிருந்தாள்.

முதல் தடவை பார்த்தபோது டயர் தெரிகிறதா என்று தேடினேன். இரண்டாம் தடவை, தனியாக வந்தது நிஜம்தானா என்று சாலையில் விழுந்த நிழலை எண்ணினேன். ஒரு நிழல்தான். மூன்றாம் தடவை சத்தத்தைக் கூட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று கேட்டேன். செயின் ஓடும் சத்தம் இருந்தது, காற்று இருந்தது, நடுவில் அவள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் அவள் பாடி நான் கேட்டதேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி வரை கேட்டேன், பின்னால் எந்த வண்டியும் வரவில்லை.